மூச்சடக்கும் ஒரு சின்ன கேம்

அக்கா மகன் இந்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தான். கேம் கம்பெனியில்தான் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்கிறான். பெங்களூரு, புனே, ஹைதராபாத் என்று விண்ணப்பம் போகிறது. இந்தத் துறையில் மதிப்பெண்ணைவிட, செய்து முடித்த ஒரு கேம்தான் அதிகம் பேசும்.

இலவசமாகக் கிடைக்கும் கோடோ இன்ஜினில் அவனும் ஒன்று செய்திருக்கிறான். அதில் அந்தக் காலத்துத் திரேஸ்புரம் சங்குகுளிக்காரர் ஒருவர் கடலில் இறங்குகிறார். மூச்சு குறையக் குறையத் திரையின் ஓரங்கள் இருட்டிக்கொண்டே வருகின்றன. அந்த இருட்டை எப்படி கோடிங்கில் கொண்டுவந்தான் என்று விளக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கணும்!

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைச் சொல்லும் 'வெண்பா' கேம் 2024இல் பாஃப்டா விருது வாங்கியது. திரேஸ்புரம் இருக்கும் முத்துக்குளித்துறைக் கடற்கரையிடமும் அப்படிச் சொல்லக் கதை நிறைய இருக்கிறது.

கேம் துறையில் இருக்கும் நண்பர்களே, அவன் கேமை விளையாடிப் பார்த்துக் குறைகளைச் சொல்ல முடியுமா? இன்பாக்ஸில் வாருங்கள்.