விருந்தாளியும் கடலும்

2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் எங்கள் கற்பிட்டிக் கரைக்கு வெளியூர் ஆட்கள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். அப்போது டொல்பின் பார்க்க வருவார்கள். கருவாடு காயவைத்துப் பிழைத்த நான் அவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தேன். மூத்த மகன் தன் மீன்பிடிப் படகில் ஆட்களை ஏற்றினான். கடன் அடைந்தது. மகளின் படிப்பும் நின்றுபோகவில்லை. ஆகவே சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன பருவத்தில் மகன் என்னையும் ஒருநாள் கடலுக்குக் கூட்டிப் போனான். டொல்பின்கள் குட்டிகளோடு துள்ளி வந்தன. கண் நிறைந்தது. சற்று நேரத்தில் நாலா பக்கமும் படகுகள் சூழ்ந்துகொண்டன. எஞ்சின் சத்தத்தில் அவை திசை மாறி மாறி ஓடின. இந்த இன டொல்பின்கள் இரவில் இரை தேடி, பகலில்தான் ஓய்வெடுக்கும். உறங்கும் பிள்ளையை உலுக்கி எழுப்புவது போல இருந்தது எனக்கு.

"இப்படித் துரத்தலாமா மகன்?" என்றேன்.

"நான் விலகி நின்றா, நாளைக்கு ஆரும் என்ட படகுக்கு வரமாட்டாங்க உம்மா" என்றான்.

கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கு 2012இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. விதி இருந்தும் வயிறு முந்திக்கொள்கிறது.

மகனைக் குறை சொன்ன எனக்கும் பதில் கிடைத்தது. மறுவாரம் கரைவலையில் மீனோடு லஞ்ச் சீட்டுகளும் வந்தன. நான் கட்டிக் கொடுத்தவையும் அதில் இருந்திருக்கும். மக்காத லஞ்ச் சீட்டுக்கு 2017இலேயே தடை. கடையில் கிடைத்தது, நானும் வாங்கினேன். வெட்கமாகிப் போனது.

எங்கள் கடலுக்கு ஏற்கெனவே பட்ட காயங்கள் போதும். 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பார் ரீஃப் பவளப்பாறைகள், கடல்நீர் சூடானதால் 1998இலும் 2016இலும் வெளிறிப் பெரும் அழிவைக் கண்டன. மிஞ்சியதன்மேல் நங்கூரம் போடுவதும் கால் ஊன்றுவதும் நம் கையால் செய்யும் கேடு. பவளப்பாறை போனால் மீன் போகும், மீன் போனால் நம் அடுப்பு அணையும்.

இப்போது வாழையிலையில்தான் சோறு கட்டுகிறேன். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறேன். மகன் படகு புறப்படுமுன், "தூரத்தில் எஞ்சினைக் குறைத்து நிற்போம், அதுகளா வந்தா பார்ப்போம்" என்று சொல்லிவிடுகிறான். சிலர் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். வருமானம் குறைந்தது உண்மை. ஒரு படகு மட்டும் விலகி நின்றால் போதாது. எல்லாப் படகுக்காரரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் ஒருவரும் நட்டப்பட மாட்டார்கள்.

சகோதரிகளே, வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் கதவைத் திறப்போம். அடுக்களையை உடைக்க விடுவோமா? கடல் நம் அடுக்களை. நீங்கள் விருந்தாளியாகப் போகும் ஊரிலும் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.