மகரக்கட்டு உடைந்த பிறகு

பங்குனி 12, வியாழன்

மகளுக்கு இன்றோடு பரீட்சை முடிந்தது. ராத்திரி சாப்பிட்டதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாடகக் கம்பெனிக் கதைங்ப்பா. நீங்க பாத்தே ஆகோணும்" என்றாள். ஜப்பான்காரர்களின் அனிமே. பெயர் 'ஏ3!'. 2020-இல் வந்தது.

காணாமல்போன அப்பாவைத் தேடிக்கொண்டு இசுமி என்ற பெண் நாடகக் கொட்டகைகள் நிறைந்த ஒரு தெருவுக்கு வருகிறாள். அவள் அப்பா நடத்திய மன்காய் கம்பெனியில் நடிக்க மிச்சம் இருப்பவன் சகுயா என்ற ஒரே பையன். கடன் ஒரு கோடி யென். கடனை வசூலிக்க வந்த சக்யோ, இடித்துத் தள்ள புல்டோசரோடு நிற்கிறான். இசுமி குறுக்கே நின்று தவணை கேட்கிறாள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு குழு சேர்க்க வேண்டும், நாடகம் போட வேண்டும், கடனை அடைக்க வேண்டும்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. புல்டோசர் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நம் ஊர்க் கதை.

பங்குனி 13, வெள்ளி

பரணிலிருந்து தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யை எடுத்துத் தூசி தட்டினேன். 1972-இல் வந்த புத்தகம். வாங்கியபோது கொட்டகைப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும்தான் தேடித்தேடிப் படித்தேன். இந்தத் தடவை பையன்களைத் தேடிப் படிக்கிறேன்.

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது சண்முகத்துக்கு ஆறு வயது. அண்ணன்மாரோடு சேர்ந்தார். அந்தச் சின்னப் பையனுக்காக சுவாமிகள் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார் என்று இன்றும் சொல்வார்கள். இப்படிப் பையன்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனி என்றால் பள்ளிக்கூடமும் அதுதான், வீடும் அதுதான். ஒரே பந்தியில் சோறு, ஒரே கூடத்தில் பாய். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் பக்கம் பக்கமாகப் படுத்துத் தூங்கிய இடம்.

அங்கே எல்லோரும் பயந்த சொல் ஒன்று உண்டு: மகரக்கட்டு. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். நேற்றுவரை மேல் ஸ்தாயியில் நின்று பாடியவன் இன்று வாயைத் திறந்தால் கரகரக்கும். பாட்டுதான் நாடகம் என்றிருந்த காலத்தில் குரல் போனால் வேஷம் போயிற்று. வேஷம் போனவன் மூட்டையைக் கட்டினான், இல்லையென்றால் சீன் இழுக்கப் போனான். கம்பெனியின் கடனைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பங்குனி 15, ஞாயிறு

ஏழெட்டு பாகம் ஒரே மூச்சில் பார்த்தோம். மனம் முழுக்க வசந்தக் குழுவின் ஐந்து பையன்கள். சகுயா வசனத்தை எழுத்துக்கூட்டுவதுபோல் சொல்லித் தடுமாறுகிறான். சுசுரு ராப்பகலாக நாடகம் எழுதிவிட்டு மயங்கி விழுகிறான். இத்தாரு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறான். சித்ரோன் வெளிநாட்டுக்காரன், அவன் வாயில் வார்த்தைகள் புரள்கின்றன. மசுமிக்கு இசுமி மேல் மட்டும்தான் கண். இசுமிக்கே நடிப்பு வந்ததில்லை. அதனால் பயிற்றுவிக்க நிற்கிறாள். மூன்று வேளையும் கறிக் குழம்பு வைத்துப் போடுகிறாள். பந்தி என்றால் என்னவென்று தெரிந்தவள்.

ஒருவனுக்கும் எல்லாம் வருவதில்லை, ஆனாலும் ஒருவனையும் கழித்துக்கட்டவில்லை. கடன் வசூலிக்க வந்த சக்யோவே பிற்பாடு இலையுதிர்க் குழுவில் சேர்ந்து வேஷம் கட்டுகிறான். மகள் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

பங்குனி 16, திங்கள்

வேலை முடிந்து திருச்சி ரோட்டில் வரும்போது சிங்காநல்லூரில் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்சம் நின்றேன். இங்கேதான் 1913-இல் நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமம் பிறந்தார். சின்ன வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின், அதாவது சண்முகமும் அவர் உடன்பிறந்தவர்களும் நடத்திய, கம்பெனிக்குப் போனவர், பின்னால் சென்னையில் சேவா ஸ்டேஜ் தொடங்கி தி. ஜானகிராமனையும் பி.எஸ். ராமையாவையும் நாடகம் எழுத வைத்தார். சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்ததும் இங்கேதான். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆர். கதாநாயகனான 'ராஜகுமாரி' 1947-இல் அங்கே தயாராகி வந்தது.

குரல் உடைந்த பையன்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் சொந்தமாக பால சண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். பையன்கள் வளர்ந்தார்கள், நாடகமும் கூடவே வளர்ந்தது. பாட்டு குறைந்து பேச்சு வந்தது, புராணத்தோடு சமூக நாடகமும் வந்தது. 1944-இல் ஈரோட்டில் நாடகத்துக்கென்றே மாநாடு கூட்டினார்கள். வளர்ந்த சண்முகம் ஔவைக் கிழவியாக வந்து நின்றார்; ஊர் அவரை ஔவை சண்முகம் என்றே கூப்பிட்டது. அவருடைய குழுவில் சின்ன வயதில் இருந்த கமல்ஹாசன் 1996-இல் தன் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது அந்த நன்றியில்தான்.

மகரக்கட்டு உடைந்தவனை அனுப்பிவிடாமல் அவனுக்கேற்ற வேஷத்தைத் தேடியதால் கிடைத்ததுதான் இந்த வளர்ச்சி. என் கணிப்பு இது.

பங்குனி 21, சனி

அவிநாசிப் பக்கம் என் மாமனார் ஊரில் மாரியம்மன் நோம்பி. ராத்திரி அரிச்சந்திரா நாடகம். மகளையும் கூட்டிப் போனேன்.

ஆர்மோனியக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெட்டியில் இரண்டு கட்டைகளின் வெள்ளை பெயர்ந்து மரம் தெரிந்தது. அந்த இரண்டையும் தாண்டும்போது விரலை அரை நொடி முன்னாலேயே தூக்கிவிடுகிறார். கேட்பவர்களுக்குப் பிசிறு தெரிவதில்லை. துருத்தியில் கிழிசலுக்குச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். மேடைக்குப் பின்னால் ஈயப் போசியில் தக்காளிச் சோறு. சந்திரமதியாக வேஷம் கட்டியவர் பொட்டு கலையாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டார். அரிச்சந்திரன் அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார்.

"அம்மிணி, நீயும் ஒரு வாய் சாப்புடு சாமி" என்று ஆர்மோனியக்காரர் மகளுக்கும் ஒரு இலை போட்டார். அவள் என் காதில், "மன்காய் கம்பெனிங்ப்பா" என்றாள்.

நாடகம் தொடங்கும்போது இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அறுபது. மயான காண்டம் வந்தபோது விடியல் மூன்றரை. எண்ணிப் பார்த்தேன், எங்களையும் சேர்த்துப் பதினேழு பேர். லோகிதாசனை மடியில் போட்டுச் சந்திரமதி அழுதாள், இருநூறு பேர் முன்னால் அழுவதுபோலவே அழுதாள்.

உங்கள் ஊர் நோம்பிக்கு நாடகம் வைத்தால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு போர்வையை எடுத்துப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், மயான காண்டம் முடியும்வரை உட்காருங்கள்.