பழம் பேனைகளின் நட்பு

பொருள் சேர்ப்போர் பலவகையினர். தபால் முத்திரை சேர்ப்போர் உளர். பழைய நாணயம் தேடி அலைவோர் உளர். தீப்பெட்டிப் படங்களைக் கொப்பியில் ஒட்டி வைப்போரும் உளர். இவையெல்லாம் நல்ல பொழுதுபோக்குகளே. ஆயினும், ஒருமுறை அஞ்சலிற் சென்ற முத்திரை மறுமுறை கடிதம் சுமப்பதில்லை. அரசு மாறிய பின் பழைய நாணயம் கடையிற் செல்வதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஊற்றுப்பேனையோ, கழுவி மையூட்டினால் இன்றும் எழுதும். சேர்த்து வைத்த பொருள் தன் தொழிலை மறவாதிருப்பது எத்துணை இன்பம்! என்னைப் பழம் பேனைகளின்பால் ஈர்த்தது இவ்வியல்பே.

பழம் பேனை என்றதும், தங்க உடலும் மணிக்கற்களும் பொருந்தி ஏலத்தில் இலட்சக்கணக்கில் விலைபோகும் பேனைகள் சிலருக்கு நினைவில் வரலாம். ஆசிரியத் தொழில் செய்வோனுக்கு அவை எட்டாக்கனி. என் மேசை லாச்சியில் 23 பேனைகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு நல்ல அகராதியின் விலையைத் தாண்டாதவை. சில, பழைய சாமான் கடையிலே துருப்பிடித்த பூட்டுகளுக்கும் ஓடாத மணிக்கூடுகளுக்கும் நடுவே கிடந்தவை. சில, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இனித் தமக்குத் தேவையில்லை என்று கையிலே தந்தவை. எனக்கென இரண்டு விதிகள் வகுத்துள்ளேன். எழுதவைக்க இயலும் என்று தோன்றும் பேனையை மட்டுமே வாங்குவது ஒன்று. எழுதத் தொடங்கிய பேனையை மாதம் ஒருமுறையேனும் கையில் எடுப்பது மற்றொன்று. இத்தகைய கட்டுப்பாடு இல்லாவிடின் சேகரிப்பு என்பது வெறும் பேராசையாக மாறிவிடும்.

ஊற்றுப்பேனையின் உள்ளே நிகழ்வது பௌதிகவியலின் ஓர் அழகிய பாடமாகும். மை வெளியே வரவேண்டுமாயின், அது விட்ட இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்லவேண்டும். இவ்விரண்டும் அளவோடு நிகழாவிடின், மை வராது நின்றுவிடும். அன்றேல் ஒரேயடியாகக் கொட்டிக் கடதாசியைக் கெடுக்கும். நியூயோர்க்கில் காப்புறுதி முகவராக இருந்த லூயிஸ் எட்சன் வோட்டர்மன் என்பவர், நிப் என்று நாம் வழங்கும் முள்ளின் அடியிலுள்ள தண்டிலே நுண்ணிய பள்ளங்களை அமைத்து, 1884ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான மயிர்த்துளைத் தன்மையே இங்கும் மையை முள்ளின் நுனிக்குக் கொணர்கின்றது. பின்னர், ஐயோவா மாநிலத்தில் நகை வணிகம் செய்த வோல்ற்றர் ஷீபர், நெம்பினால் மை நிரப்பும் முறைக்கு 1908இல் உரிமம் பெற்றார். பேனையின் பக்கத்திலுள்ள நெம்பை உயர்த்தினால் உள்ளேயிருக்கும் இறப்பர்ப் பை அமுங்கும். விட்டால் அது விரிந்து மையை இழுத்துக்கொள்ளும்.

இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால், கருங்காலி மரம் போன்ற கரிய வன்பொருள் கிடைக்கும். எபொனைற் எனப்படும் அதனாலேயே முற்காலப் பேனைகளின் உடல் கடையப்பட்டது. பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டன் கியூ பூங்காவுக்குச் சென்ற இறப்பர் விதைகளின் நாற்றுகள், அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இறப்பர்ப் பாலை அறிந்த நம் நாட்டு மாணவருக்கு எபொனைற் பேனை அந்நியப் பொருளன்று.

குறைந்த செலவில் தொடங்க விரும்புவோர்க்குச் சில பேனைகளை எடுத்துரைக்கலாம். 1941இல் வெளிவந்த பாக்கர் 51, முள் முழுவதும் மூடுண்டு நுனி மட்டும் தெரியும் வடிவத்தாற் புகழ்பெற்றது. நல்ல நிலையிலுள்ளதற்கு இன்று விலை சற்று அதிகம். அதே சாயலில் ஷங்காயிற் செய்யப்பட்ட ஹீரோ 616 ஏழை மாணவனுக்கும் எட்டக்கூடியது. 1960இல் வந்த பாக்கர் 45இன் முள்ளைக் கையாலேயே திருகிக் கழற்றிக் கழுவலாம். முதற் பழகுவோர்க்கு இதனினும் ஏற்ற பேனையை நான் அறியேன். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரில் இயங்கிய எஸ்ரபுறூக் நிறுவனத்தாரின் பேனைகளில், இலக்கமிட்ட முட்களை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். 1905இல் இலண்டனில் தொடங்கிய கொன்வே ஸ்ருவாட் நிறுவனத்தாரின் பளிங்குக் கோடுகள் ஓடும் எளிய பேனைகளும் கண்ணுக்கு விருந்தாவன. சில பேனைகளின் உடலில் உரியவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். வணிகர் இதனைக் குறையென்று கருதி விலை குறைப்பர். அத்தகைய பேனைகளையே நான் விரும்பி வாங்குவதுண்டு. பெயரோடு கூடிய பொருள் மலிவாகக் கிடைப்பது நம் நல்வினைப் பயனே!

வாங்குமுன் முள்ளின் இரு பிளவும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பூதக்கண்ணாடியால் நோக்குக. மூடியின் விளிம்பில் வெடிப்பு உண்டா என்று பார்க்க. நெம்பு அசையாவிடின் வலிந்து உயர்த்தற்க. உள்ளே பை கல்லாக இறுகியிருக்கும், நெம்பு முறிந்துவிடும். உலர்ந்த மையைக் கரைக்கக் குளிர்ந்த நீரே போதும்; வேண்டுவது பொறுமை. சுடுநீர் பழைய எபொனைற்றின் நிறத்தைக் கெடுக்கும். செலுலொயிட் பேனையை நெருப்பண்டை கொண்டுசெல்லலாகாது. அது எளிதிற் பற்றிக்கொள்ளும். புதிய இறப்பர்ப் பையை ஒட்டுவதற்கு அவலரக்குக் கரைசல் ஏற்றது. சித்திரம் வரைய உதவும் இந்திய மையை ஊற்றுப்பேனையில் எக்காரணத்தாலும் இடலாகாது. அது மெல்லிய வழிகளை அடைத்துவிடும்.

நான் கல்வி கற்ற காலத்தில் வகுப்பறையை ஆண்டது குமிழ்முனைப் பேனையே. ஹங்கேரியப் பத்திரிகையாளர் லஸ்லோ பிரோ 1938இல் உரிமம் பெற்ற அக்கருவியை நான் இகழேன். மலிவும் விரைவும் அதன் சிறப்புகள். ஆனால் அது எவர் கையிலும் ஒரே தன்மையது. ஊற்றுப்பேனையின் முள்ளோ, நுனியில் மிக வன்மையான உலோகம் பொருந்தியிருப்பினும், ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் எழுதப்படும்போது அக்கையின் சாய்வுக்கேற்பச் சிறிது சிறிதாகத் தேயும். இதன் பொருளை ஒரு மாணவன் எனக்கு உணர்த்தினான்.

உயர்தர வகுப்பிற் பயின்ற அவன், ஒரு நாள் நெம்புப் பேனை ஒன்றைக் கொண்டுவந்தான். அது அவனுடைய பாட்டனார் தலைமையாசிரியராக இருந்தபோது எழுதியது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அவர் சட்டைப்பையில் இருந்தமையால் அது தப்பியது. வீட்டிலிருந்த புத்தகங்களும் புகைப்படங்களும் தப்பவில்லை. பாட்டனார் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இறுகிய பையை நீக்கிப் புதியது பொருத்தினேன். மை வந்தது, ஆயினும் அவன் எழுதியபோது முள் கடதாசியைக் கீறியது. மெல்லிய தேய்ப்புத் தாளில் சில முறை தேய்த்தால் வழுவழுப்பாகிவிடும் என்றும், அவ்வாறு செய்தால் பாட்டனாரின் கை உண்டாக்கிய தேய்வு போய்விடும் என்றும் சொன்னேன். "யோசித்துச் சொல்லு தம்பி" என்று பேனையை அவனிடமே கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தான். "தேய்க்க வேண்டாம், சேர். கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிப் பிடித்தால் கீறவில்லை" என்றான். அப்படிப் பிடித்து அவன் எழுதுவதைக் கண்ட அவனுடைய அம்மம்மா, "தாத்தாவும் கொப்பியைச் சரித்து வைத்து இப்படித்தான் எழுதுவார்" என்றாராம். பாட்டனார் எழுதும் காட்சியை அவன் ஒருபோதும் உற்று நோக்கியவன் அல்லன். அவருடைய கையெழுத்துத் தாள் ஒன்றுகூட அவ்வீட்டில் எஞ்சவில்லை. எனினும், அவர் பேனை பிடித்த விதம் அந்த நுனியில் எஞ்சியிருந்தது.

அன்று முதல் என் விதிகள் மூன்றாயின. பழுதுற்றதைத் திருத்துக, பயன்பாட்டின் தழும்பைத் திருத்தற்க. பை இறுகுவது பழுது. முள் ஒரு கைக்கு இணங்கித் தேய்ந்திருப்பது வரலாறு. இரண்டையும் பிரித்தறிவதே இக்கலையின் பெரும்பகுதி என்பேன்.

சரஸ்வதி பூசையன்று பேனையையும் புத்தகத்தையும் வைத்து வணங்குவது நம் மரபு. அடுத்த பூசைக்கு முன் உங்கள் வீட்டு அலுமாரியையும் பழைய பெட்டிகளையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். மை உலர்ந்த பேனை ஒன்று கிடைக்கக்கூடும். அதனைக் குப்பையில் இடாதீர்கள். ஓர் இரவு குளிர்ந்த நீரில் முள்ளை ஊறவிடுங்கள். யாருடைய பேனை என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு கடதாசியில் எழுதி அதனோடு வையுங்கள். மாணவர்களே, இயலுமாயின் அதே பேனையால் எழுதுங்கள்.