கிண்ணம் போகாத வீடு

'தலித் உணவு என்று தனியாக ஒன்று இருக்கிறதா தோழர்?' என்று போன மாதம் விடுதியில் ஒரு தம்பி கேட்டார். மாட்டுக்கறி, கருவாடு, 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எழுந்த எதிர்ப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை என்று உறைத்தது. ஆகவே இங்கே எழுதுகிறோம். பெயர் என்ன வைப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் எப்படிச் சமைத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் காலனி விழுப்புரம் பக்கம். அடைமழை பிடித்தால் கூலி வேலை நின்றுவிடும். அப்போது அடுப்பில் என்ன ஏறும் என்பதை மளிகைக் கடை முடிவு செய்யாது, வரப்புதான் முடிவு செய்யும். களையெடுக்கப் போன அம்மாக்கள் மடியில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் பறித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். எது எவ்வளவு கிடைத்ததோ அத்தனையும் ஒரே சட்டிக்குப் போகும். வயல் நண்டை அம்மியில் இடித்துச் சாறெடுத்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தால் சளி பிடித்த பிள்ளை இரண்டு டம்ளர் கேட்கும். நத்தையை இரவெல்லாம் தண்ணீரில் போட்டு வைத்து, அவித்து, முள்ளால் குத்தி எடுத்து வதக்குவார்கள். புளி தீர்ந்துவிட்டால் மாங்காய், அதுவும் இல்லாவிட்டால் புளிச்சக்கீரை. எண்ணெய் இல்லையென்றால் கறியோடு வந்த கொழுப்பை உருக்கித் தாளிப்பார்கள். ரேஷன் அரிசியில் வாடை அடித்தால் நாலைந்து தண்ணீரில் அலசி, உப்புப் போட்டு ஊறவைத்து வடிப்பார்கள். வடித்த கஞ்சியும் வீணாகாது. உப்புக்கல் போட்டு ஆளுக்கொரு சொம்பு.

எவ்வளவு மிளகாய், எவ்வளவு உப்பு என்று எங்கள் ஆயாவிடம் கேட்டால், 'கைக்குத் தெரியும் போ' என்பார். இதை இன்று யூடியூபில் கிராமத்துச் சமையல் என்று ரசிக்கிறார்கள். ரசிக்கட்டும். ஆனால் அது ரசனையில் பிறந்த சமையல் அல்ல. கூலி வராத நாளில் ஆறு வாய்க்குப் பதில் சொல்லப் பிறந்தது. அதைச் சொல்லாமல் ருசியை மட்டும் பேசுகிறவர்கள் மீது எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கூட்டத்தில் உணவு அரசியலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்காரும் எங்கள் மீதும்தான்.

மாடு அடித்தால் கூறு போடுவார்கள். இலையைப் பரப்பி, ஈரல், குடல், எலும்பு, கொழுப்பு என்று எல்லாம் எல்லாக் கூறிலும் விழும்படி பங்கு வைப்பார்கள். மிஞ்சியதை வாராக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் போட்டுக் காயவைத்தால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் தணலில் சுட்டு இடித்தால் போதும், ஒரு துண்டுக்கு ஒரு தட்டுச் சோறு இறங்கும்.

கூறைவிட எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது கிண்ணம். ஒரு வீட்டில் சோறு இருக்கும், குழம்பு இருக்காது. பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும், அரிசி இருக்காது. சுவருக்கு மேலே கிண்ணம் போகும். வாங்கியவர்கள் அதை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கொத்து முருங்கைக்கீரையாவது அதில் இருக்க வேண்டும். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சமம் என்று யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. கிண்ணம் போய் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் அத்தை ஒருவர் இந்தக் கைப்பக்குவத்தோடு சத்துணவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய அந்தத் திட்டம் எங்கள் தெருப் பிள்ளைகள் பலரைப் பள்ளியில் நிறுத்தி வைத்தது. அதை நாங்கள் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அத்தை சேர்ந்த வாரமே ஊர்ப் பிள்ளைகள் சிலர் தட்டை எடுக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். 'ஏன் கண்ணு சாப்பிடல?' என்று கேட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே பதிலைச் சொன்னது. வயிறு சரியில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதிலை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்ததும், அவர் இடமாற்றம் செய்யப்பட்டதும், போராட்டத்துக்குப் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானதும் உங்களுக்குத் தெரியும். அந்தச் செய்தி வந்த அன்று அத்தை எதுவும் பேசவில்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் அதிகமாகக் கேட்டது.

இதுவரை சொன்னதை நாங்கள் மேடையிலும் சொல்வோம். இனிச் சொல்லப் போவதை மேடையில் சொன்னதில்லை.

எங்கள் காலனியின் கடைசியில் ஒரு புதிரை வண்ணார் வீடு இருக்கிறது. அரசுப் பட்டியலில் அவர்களும் பட்டியல் சாதிதான், நாங்களும் பட்டியல் சாதிதான். அந்த வீட்டுப் பெரியம்மா (இன்று பெரியம்மா என்று எழுதுகிறோம், அன்று பெயர் சொல்லி 'வாடி, போடி' என்றுதான் எங்கள் வீட்டில் கூப்பிட்டார்கள்) எங்கள் துணியை வெளுத்தார், பிள்ளைப்பேறு பார்த்தார், சாவு வீட்டு வேலை செய்தார். கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் வாசலில் வந்து நின்று சோறு கேட்பார். ஒரு வீட்டுக் கூழ், அடுத்த வீட்டுச் சோறு, அதற்கடுத்த வீட்டுக் குழம்பு எல்லாம் அவருடைய ஒரே குண்டானில் விழும். எங்கள் அம்மாக்கள் தாராளமாகத்தான் போட்டார்கள். ஆனால் குண்டானில் கை படாமல் தூக்கி ஊற்றினார்கள். ஊர்த் தெருவில் எங்களுக்கு எப்படி ஊற்றினார்களோ அப்படி.

அந்த வீட்டுக்குக் கிண்ணம் போனதில்லை. கிண்ணம் போனால் திரும்பி வருமே.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. நம்மை நாமே காட்டிக்கொடுப்பதா என்று டீக்கடையில் கத்தினோம். சமபந்தியால் மட்டும் சாதி போய்விடாது என்று அண்ணல் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியதையும், ஒவ்வொரு சாதிக்கும் கீழே மிதிக்க ஒரு சாதி வைத்திருக்கும் படிநிலைச் சமத்துவமின்மை பற்றி அவர் சொன்னதையும் பலமுறை பேசியிருக்கிறோம். பேசும்போதெல்லாம் எங்கள் விரல் ஊர்ப் பக்கம்தான் நீண்டது.

2020 ஏப்ரல். ஊரடங்கு. அரசு கொடுத்த 1000 ரூபாயும் ரேஷன் அரிசியும் பருப்பும் எண்ணெயும் எத்தனை நாளைக்கு வரும்? ஆறு வீடு சேர்ந்து ஒரே அடுப்பு என்று முடிவானது. தினம் ஒரு வீட்டு வாசலில் சமையல். ஒருவர் அரிசி, ஒருவர் விறகு, ஒருவர் வீட்டு முருங்கை. அத்தைதான் கரண்டி பிடித்தார். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் நாங்கள் நன்றாகவே சாப்பிட்டோம்.

ஒரு மத்தியானம் அந்தப் பெரியம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார். வாசல்படி ஓரத்தில் வைத்தார். கருவாட்டுத் தலையும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு.

'ஆளுக்கொன்னு கொண்டாரீங்க. எங்க வீட்லயும் அடுப்பு எரியுதில்ல?' என்றார்.

யாரும் கை நீட்டவில்லை. அத்தையும் நீட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் தட்டை எடுக்காத பிள்ளைகளைப் பார்த்து நின்ற அதே அத்தை, கரண்டியைப் பிடித்தபடி சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அரசியல் பேசுகிறவர்கள் நாலு பேர் அங்கே இருந்தோம். நாங்களும் யாராவது முதலில் எடுக்கட்டும் என்றுதான் நின்றோம். ஒன்பதாவது படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, தன் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். பிறகு நாங்கள் வாங்கிக்கொண்டோம். பிறகு அத்தை.

ஆயா சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றார்.

அத்தை நிமிர்ந்து ஆயாவைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

கழுவிய கிண்ணம் இரண்டு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தது. யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று யாரும் பேச்செடுக்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை இரண்டு துண்டு உப்புக்கண்டத்தை வறுத்து அதில் போட்டு, தானே எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்தார். திரும்பி வந்து, 'கருவாட்டுத் தலைய மொதல்ல வெந்நீர்ல போட்டு எடுத்துர்றாங்க, அதான் கவிச்சி இல்ல' என்று மட்டும் சொன்னார். இப்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

எல்லா வீடும் மாறிவிட்டது என்று எழுத முடியவில்லை. மூன்று வீட்டுக் கிண்ணம் கடைசி வீடுவரை போகிறது. மற்ற வீடுகள் கேட்டால் பேச்சை மாற்றுகின்றன. ஆயாவோடு சண்டை போட்டும் பார்த்துவிட்டோம். 'எனக்கு வயசாயிடுச்சி, என்னை வுட்டுடுங்க' என்கிறார். போன முறை கூறு போட்டபோது கடைசி வீட்டுக்கும் ஒரு இலை விரிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை (இப்போது கல்லூரியில் படிக்கிறாள்) கேட்டாள். ஒரு மணி நேரம் வாக்குவாதம். இலை விரித்தார்கள். ஈரல் மட்டும் அந்தக் கூறில் கொஞ்சம் குறைவாக விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். எடுத்து எல்லாவற்றையும் மறுபடி பங்கு வைக்கச் சொன்னாள்.

அடுத்த முறை விடுதிக்கு வரும்போது அந்தத் தம்பியிடம் இதைச் சொல்கிறோம். உங்கள் தெருவில் அது எந்த வீடு என்று அவரிடமும் கேட்போம்.