அழைப்பாணை வந்திருக்கிறதா?



அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நம் மக்களில் சிலர், நீதிமன்றம் அனுப்பிய மடலைக் கையில் ஏந்தி அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். “ஃபாதர், ஜூரிக்கு அழைத்திருக்கிறார்கள். இதிலிருந்து விலக வழியுண்டா?” என்பதே அவர்களது கேள்வி. அவர்களிடம் சொன்னதையே உங்கள் அனைவருக்கும் இங்கே எழுதுகிறேன்.

அந்த மடல் தண்டனை அன்று. 1787-இல் பிலடெல்பியாவில் வரையப்பட்ட அரசியலமைப்பு மன்னர் பெயரால் தொடங்கவில்லை. மக்களின் பெயரால் தொடங்குகிறது. ஆட்சியின் ஊற்று மக்களே என்றால், அதன் சுமையிலும் மக்களுக்குப் பங்குண்டு. நாம் வாக்களித்து அனுப்பியவர்கள் நமக்காகச் சட்டம் இயற்றுகிறார்கள். ஜூரி இருக்கையிலோ நாமே அமர வேண்டும்.

ஜூரி விசாரணை பல வழக்குகளில் மறுக்கப்பட்டது என்பது, 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் மூன்றாம் ஜார்ஜ் மன்னர்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று. ஆகவேதான் அரசியலமைப்பும், 1791-இல் சேர்க்கப்பட்ட ஆறாம் திருத்தமும் குற்ற வழக்குகளில் அவ்வுரிமையை உறுதிசெய்தன. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப விரும்பும் அரசு, முதலில் அவரைப் போன்ற சாதாரண மக்களை நம்பச் செய்ய வேண்டும். கடுங்குற்ற வழக்குகளில் அவர்கள் அனைவரும் ஒருமனப்பட்டாலன்றிக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்க இயலாது. இது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஐயம் நீங்காத ஒரே ஒருவர் உறுதியாக நின்றாலும், அந்த விசாரணையில் தண்டனைத் தீர்ப்பு வராது. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது. அங்கு 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரி முறைக்கு இடம் வைக்கவில்லை. தீர்ப்பு என்பது நீதிபதியின் வேலை என்றே எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆனால் இந்த இருக்கை எளிதில் கிடைத்ததன்று. கறுப்பின மக்களை ஜூரியிலிருந்து விலக்கிய மேற்கு வர்ஜீனியச் சட்டம் செல்லாது என்று 1880-இலேயே தீர்ப்பு வந்தது. ஆயினும் நடைமுறையில் அந்த விலக்கு நெடுங்காலம் நீடித்தது. இனத்தைக் காரணமாக்கி எவரையும் நீக்க அரசு வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்ற தீர்ப்பு 1986-இல்தான் கிடைத்தது. நமக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் பிறந்தவர் இந்நாட்டுக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923-இல், பகத் சிங் திண்ட் வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறிற்று. அக்கதவைத் திறந்தது 1946-ஆம் ஆண்டுச் சட்டம். அன்று மறுக்கப்பட்டதை இன்று நாமே வேண்டாம் என்பது முறையா?

இடர்ப்பாடுகள் உண்மையே. கூட்டாட்சி நீதிமன்றம் நாளொன்றுக்குத் தருவது 50 டாலர். கைக்குழந்தையோ நோயுற்ற பெற்றோரோ வீட்டில் இருந்தால், நாளை மாற்றித் தருமாறு கேளுங்கள், அதில் தவறில்லை. கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள், குடிமகன் அல்லேன் என்ற உண்மையைப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். மடலைக் குப்பையில் இடாதீர்கள். ஆனால் அலுவலகத்தில் நாள்தோறும் ஆங்கிலத்தில் கூட்டம் நடத்தும் ஒருவர், “எனக்கு ஆங்கிலம் போதாது” என்று எழுதலாகாது. அது பொய். குடியுரிமை பெற்ற நாளில் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தோம் என்பதை மறவாதிருப்போம்.

நாளை நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், செய்யாத குற்றத்திற்காக அந்த மன்றத்தில் நிற்க நேரலாம். எதிரே அமர்ந்திருக்கும் பன்னிருவரின் முகங்களை அவன் நோக்குவான். அவர்கள் வேண்டாவெறுப்பாய் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நாம் விரும்புவோமா? அவன் சொல்வதைப் பொறுமையோடு கேட்பவர்களாய் அவர்கள் இருக்க வேண்டும் என்றல்லவா மன்றாடுவோம்! இன்று அங்கே நிற்பவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான்.

அழைப்பு வந்தால் செல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை