நான் தாண்டிவிட்ட பாடம்



லாக்டோபேசில்லஸ் பாலைத் தயிராக்குவதை 30 வருடம் வகுப்பில் நடத்தியவள் நான். இனப்பெருக்கப் பாடம் வந்தால் மட்டும், "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுவேன்.

45 வயதில் எனக்கே வெள்ளைப்படுதலும் மீன்வாடையும் வந்தன. யாரிடமும் சொல்லவில்லை. சுத்தம் போதவில்லை என்று நினைத்து, கிருமிநாசினி கலந்து உள்ளேயும் கழுவினேன். கழுவக் கழுவ வாடை கூடியது. எட்டு மாதம் கழித்துத்தான் டாக்டரம்மாவிடம் போனேன்.

"டீச்சர், தயிர்ல இருக்கிற அதே குடும்பத்துக் கிருமிதான் பெண்ணுறுப்புக்குள்ளயும் காவல் இருக்கு. அது சுரக்கிற லாக்டிக் அமிலம் பி.எச். அளவை 4.5-க்குள்ள வெச்சு, கெட்ட கிருமி பெருகாம பார்த்துக்குது. நீங்க காவல்காரனையே கழுவி விரட்டிட்டீங்களே!" என்றார். 7 நாள் மாத்திரையில் சரியானது.

பெண்பிள்ளைகளே, வாடையில்லாத லேசான கசிவு இயல்புதான். மீன்வாடை, அரிப்பு, எரிச்சல், திரிந்த பால் போன்ற வெள்ளை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் தள்ளிப்போடவே கூடாது. உள்ளே எதையும் ஊற்றாதீர்கள். வெளியே கழுவத் தண்ணீர் போதும்.

ஆண்பிள்ளைகளே, வீட்டுப் பெண்கள் டாக்டரிடம் போகத் தயங்கினால் கூடப் போங்கள்.

அன்று தாண்டிய பாடத்தை இன்று நடத்திவிட்டேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

உங்கள் டீச்சர்