வீட்டுவண்டியில் ஓர் உறவுப் பயணம்

யூபிலி மலருக்கு எழுதும் பழைய மாணவர் பலரும் தாம் பயின்ற காலத்தையும், விடுதிச்சாலை வாழ்வையும், துடுப்பாட்டப் போட்டிகளையும் நினைவுகூர்தல் வழக்கம். அவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், கடல் கடந்து வாழும் எம்மனோர் உறவு பேணும் வகையினை, 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யாம் செய்த பயணமொன்றின் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடென்பது இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பாலுள்ளது. பொழுதுபட்ட பின்பும் படலையைத் திறந்துகொண்டு செல்லலாம், முன்னறிவித்தல் வேண்டியதில்லை. கனடாவிலோ நிலை வேறு. யாம் ரொறன்ரோவில் வாழ்கின்றோம். எம் தமையனார் வின்னிப்பெக் நகரில் வாழ்கின்றார். இடையே சாலை வழித் தொலைவு ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர். ஆகாய விமானத்திற் சென்றால் மூன்று மணி நேரத்துள் அடையலாம். ஆயினும் எம் இல்லத்தில் நாய்கள் இரண்டு உள்ளன. மூத்தவன் வீமன், பெருத்த உடலினன், பன்னிரண்டு வயதினன், மூச்சு வாங்குபவன். இளையவள் மணி. பெரிய நாய்களை விமானத்திற் பொதிகளோடு கீழறையில் ஏற்றுவர். அதற்கும் எம் இல்லாள் இசைந்திலள். நாய்க்காப்பகத்தில் விட்டுச் செல்லவும் இசைந்திலள். எனவே ஆர். வி. என இந்நாட்டார் சுருங்க வழங்கும் வீட்டுவண்டி ஒன்றை வாடகைக்குப் பெற்றோம்.

இதனைக் கண்டிராத மாணவர்க்குச் சிறிது விளக்குவோம். பாரவண்டி ஒன்றின் அடிச்சட்டத்தின்மேற் கட்டிய சிறு வீடு இது. சாரதியின் தலைக்கு மேலே ஒரு படுக்கை; பின்னே சமையலடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளிப்பறை, மலகூடம். நல்ல நீருக்கு ஒரு தாங்கி, கழிவு நீருக்கு வேறு தாங்கிகள். இரவிற் தங்குமிடத்தில் மின்னிணைப்புப் பெறலாம். கழிவினை அதற்கென அமைந்த இடத்திலே கொட்டுதல் வேண்டும். இத்தொழில் எம் மகனுக்கு வாய்த்தது. அவன் வண்டி ஓட்டியதால் ஏனையவற்றில் அவனை வருத்தாதிருக்கலாம் என எண்ணினோம். ஆயின் எம் முதுகு வளைய மறுத்துவிட்டது.

முதல் நாள் இரவு சட்பரி நகரில் எம் தமக்கையாரின் மகள் இல்லத்து முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். அவள் பிள்ளைகள் மூவரும் தம் மெத்தைகளைத் துறந்து நாய்களோடு வண்டியிலேயே துயின்றனர். தமிழில் நான்கு சொற்களுக்கு மேற் பேசாத கடைக்குட்டி, காலையில் வீமனை நோக்கி, "இஞ்சை வா" என அழைத்தது எமக்குப் பெரும் உவகை அளித்தது.

அதன்பின் சுப்பீரியர் ஏரிக்கரை. அந்த ஏரியின் பரப்பு 82,100 சதுரக் கிலோமீற்றர். எம் இலங்கைத் தீவின் பரப்போ 65,610. ஏரியின் ஓரமாகச் சூசன்மேரியிலிருந்து வாவா வரையுள்ள பெருஞ்சாலை 1960 ஆம் ஆண்டிலேதான் முற்றுப்பெற்றது. பெருந்தாராச் சிலையொன்று வாவாவிலே நிற்கின்றது. பாறையும் காடும் நீருமன்றி மணிக்கணக்காக வேறொன்றும் தோன்றாது. மாகாணப் பூங்காக்களில் நாயை இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றிற் கட்டியே நடத்துதல் வேண்டும் என்பது விதி. கோடை வெயிலில் மூடிய வண்டியுள் நாயைத் தனியே விடுதல் அதன் உயிருக்கே கேடு. ஆகவே உணவுச்சாலைகளுள் யாம் ஒருங்கே புகுந்ததில்லை. புட்டும் சம்பலும் ஏரிக்கரையிலேயே உண்டோம்.

தண்டர்பே நகருக்கு அண்மையில் ரெறி பொக்சின் சிலையைக் கண்டோம். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அவ்விளைஞர், 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடி, 1980 செப்ரெம்பர் 1 ஆம் நாள் அவ்விடத்தருகே ஓட்டத்தை நிறுத்தினார். வண்டியில் அமர்ந்து வந்தே இடுப்பு நோகின்றதென முறையிட்ட யாம் அதன்பின் வாய் திறந்திலோம்.

ஐந்தாம் நாள் மாலை தமையனார் இல்லம் அடைந்தோம். அண்ணியார் வாயிலில் நின்று வரவேற்றார். "தம்பி, தங்கச்சி, உள்ளுக்கு வாருங்கோ. நாய்கள் மட்டும் வெளியிலே நிற்கட்டும், சாமியறை இருக்கிறது" என்றார். யாம் இதனை எதிர்பார்த்தே சென்றோம். எம்மூரிலும் நாய் படலையிற் கிடக்குமேயன்றி விறாந்தை ஏறியதில்லை. வைரவரின் ஊர்தி நாய் என்றும், தன்னைத் தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் எனத் தருமர் மறுத்தார் என்றும் அண்ணியாரோடு வாதிடலாம். ஆயினும் விருந்தினர் வீட்டாரோடு வாதிடுதல் முறையன்று. வண்டியே அதற்குத் தீர்வாயிற்று. ஊரிலே வழிப்போக்கர் இளைப்பாறச் சங்கடப்படலை அமைத்தார்களன்றோ? அதுபோல எம் வண்டி வாயிலில் நின்றது. பகலில் யாம் உள்ளே உறவினர். இரவில் வெளியே நாய்களுக்குத் துணை.

மூன்றாம் நாள் இரவு தமையனார் வண்டிக்கு வந்தார். எண்பது வயதினர், ஆசிரியராய் இருந்தவர், அளந்து பேசுபவர். வீமன் எழுந்து அவர் முழங்காலில் தலை வைத்தான். அவர் அவனைத் தொடவுமில்லை, விலக்கவுமில்லை. சற்று நேரத்தின் பின், "கறுப்பனை நினைவிருக்கிறதா?" என்றார்.

யாம் 1986 இல் நாட்டைவிட்டு நீங்கியபோது கறுப்பன் பிறந்திலன். ஆயினும் தமையனார் கடிதந்தோறும் அவனைப்பற்றி ஒரு வரி எழுதுவார். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அன்னையாரைச் சைக்கிளில் இருத்தி மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சென்றவர் அவர். அதன்பின் வந்த கடிதங்களில் கறுப்பன் இல்லை. யாமும் கேட்டிலோம்.

"இரண்டு நாளில் திரும்பலாம் என்றுதான் எண்ணினேன். சட்டியிலே சோறு வைத்துவிட்டு வந்தேன். ஒழுங்கை முடியுமட்டும் பின்னாலே வந்தான். சனநெரிசலில் மிதிபட்டுச் சாவானே என்று கல்லெடுத்து எறிந்து கலைத்தேன். அவன் போகவில்லை, இன்னொரு கல் எறிந்தேன். அது பட்டது" என்றார். அடுத்த ஆண்டு மீண்டபோது வீட்டின் சுவர்கள் இருந்தன, நாய் இல்லை. சட்டி கவிழ்ந்து கிடந்ததாம். அன்றிரவு அவர் இழந்தவை பல. தோட்டமும், நூல்களும், அயலாரும் போயினமை குறித்துப் பலமுறை பேசியுள்ளார். இதனை மட்டும் இருபத்தொன்பது ஆண்டுகளாக எவரிடமும் கூறியதில்லை என்றார். அண்ணியார் அன்று உடன் நடந்தவர், கண்டவர். அவர் நாயை வேண்டாமென்றது சாமியறையின் பொருட்டு மட்டுமன்று என அப்பொழுது விளங்கிற்று.

மறுநாட் காலை அசினிபோயின் ஆற்றங்கரையில் வீமனின் கயிற்றைத் தமையனாரே பற்றி நடந்தார். இருவரும் மெல்ல நடப்பவராதலின் ஒருவரையொருவர் இழுத்திலர். அண்ணியார் விதியைத் தளர்த்தினாரல்லர். எனினும் அன்று நண்பகல் சோறும் பருப்பும் ஒரு தட்டிற் பிசைந்து தாமே வண்டிப் படியில் வைத்துச் சென்றார்.

தொலைபேசியில் வாரந்தோறும் பேசுகின்றோமே, நேரிற் செல்வதால் ஆவதென்ன என வினவும் இளைஞர் உளர். தமையனாரோடு பல்லாண்டுகள் தொலைபேசியில் உரையாடினோம். மழை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்பனவே பேச்சு. நாய் ஒன்று முழங்காலில் தலை வைக்கவும், எவரும் எழுந்து செல்ல அவசரப்படாத இரவொன்று வாய்க்கவும் வேண்டியிருந்தது. முதியோர் உளராயின், அவர் இருக்குமிடம் சென்று சில நாள் தங்குமின் என்பதே மாணவர்க்கு யாம் கூறத் துணியும் அறிவுரை.

கனடா வரும் எம் கல்லூரி மைந்தர்க்கு எம் இல்லத்துக் கதவு என்றும் திறந்திருக்கும். வாயிலில் முதலில் வரவேற்போர் வீமனும் மணியுமே, அஞ்சற்க. எம்மை ஆளாக்கிய கல்லூரி அன்னை நீடு வாழ்க!